பட்டினி வயல்

இப்படி வாங்க டீச்சர், இந்த வரப்புல வாங்க. செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிடுங்க, வழுக்கும். ஆடிக் காத்து வேற, ஆளத் தள்ளிப்புடும். பைய வாங்க. தூக்குவாளி என் கையிலேயே இருக்கட்டும், நீங்க செல்போனப் பத்திரமாப் புடிச்சுக்கிடுங்க. வீட்டம்மா குடுத்துவிட்டிருக்கா. வீட்டுக்கு ஆளு வந்தா எங்க கோமுவுக்குத் தேங்காப்பால் ஊத்திச் சொதி வைக்கணும், இல்லன்னா தூக்கம் வராது. 'காலேஜு டீச்சரு பாளையங்கோட்டையிலருந்து வெறும் வயித்தோட மொத பஸ்ஸுல வாராவ, பேசிக்கிட்டே நிக்காம மொதல்ல சாப்பிட வையுங்க'ன்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னா. அவ அப்படித்தான், சின்னப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி எனக்குச் சொல்லுவா. இன்னா, இந்தப் பூவரசங் கொப்புல மாட்டி வைக்கேன். ரெண்டு வயலப் பாத்துட்டு வந்து இந்த நெழல்லயே உக்காந்து சாப்பிடுவோம், என்ன?

வயலுக்கெல்லாம் பேரு எப்படி வந்துதுன்னு கேட்டு ரெக்கார்டு பண்ண வந்திருக்கிய. நல்ல காரியம். ஊர்ல யாரக் கேட்டாலும் சிவனணைஞ்ச பெருமாளப் போயிக் கேளுங்கன்னு கைய காட்டியிருப்பாவ. எங்கய்யா, என் தகப்பனாரு, சொல்லிச் சொல்லி எனக்கு அத்தனையும் மனப்பாடம். ஆனா ராசா குடுத்தாரு, மந்திரி குடுத்தாருன்னு நெனச்சு வந்தியன்னா ஏமாந்து போவிய. இந்தப் பக்கம் எந்த ராசாவும் வரல. வந்தாலும் சேத்துல எறங்கியிருக்க மாட்டான்.

அந்தா, வாய்க்காலுக்கு மேக்க பச்சையா கெடக்குல்லா, அது 'மருமவன் அளந்த வய'. ஒரு மனுசன் மகளுக்குச் சீதனமா அந்த வயலக் குடுத்தாரு. மாப்பிள்ள என்ன செஞ்சான்? கல்யாணத்துக்கு மறுநாளு, கழுத்து மாலை கூட வாடல, கயித்த எடுத்துட்டு வந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அளந்துட்டான். மாமனார் சொன்ன அளவு இருக்கான்னு பாக்கதுக்கு! பக்கத்து வயல்ல நட்டுக்கிட்டு இருந்த பொம்பளையாளுவ பாத்துட்டாளுவ. முடிஞ்சுது கத. பொறவு அவன் கோயிலுக்கு மணி வாங்கி மாட்டுனான், பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் குடுத்தான். யாரு கேட்டா? இன்னைக்கு அவன் வம்சத்துல ஒருத்தன் பேங்குல இருக்கான். டீக்கடையில வயப் பேச்ச எடுத்தாலே பாதி டீய வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான். நான் வேணும்னே எடுப்பேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரையேறிரும்.

நல்லாப் பதியுதா? சரி.

அதுக்குத் தெக்க 'தூங்குமடை'. நம்ம ஊருக்குத் தண்ணி மொறை வந்த அன்னைக்கு, மடையில காவலுக்கு உக்காத்தி வச்ச ஆளு தூங்கிட்டான். விடிஞ்சு பாத்தா தண்ணி பூரா அடுத்த ஊருக்குப் போயி, அங்க தவள கத்துது. அந்த வீட்டுக்காரங்க இன்னும் இருக்காவ. 'அத எழுத வேண்டாம் அண்ணாச்சி, நல்லாருப்பிய'ன்னு நேத்து ராத்திரி வந்து கெஞ்சிட்டுப் போனான் ஒருத்தன். அது எப்படி? உள்ளத உள்ளபடி எழுதணும்லா டீச்சர்? எழுதுங்க.

பேரு வைக்கது யாருன்னு நெனைக்கிய? பட்டா வச்சிருக்கவன் இல்ல. நாத்து நடுவைக்கும் களைக்கும் வாற பொம்பளையாளுவதான். பொழுதடைஞ்சு வீட்டுக்குப் போகையில 'நாளைக்கு எங்கட்டி வேல?'ன்னு ஒருத்தி கேப்பா, 'மருமவன் அளந்ததுல'ன்னு இன்னொருத்தி சொல்லுவா. அவ்வளவுதான், பேரு ஒட்டிக்கிடும். சொந்தக்காரன் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் மாத்த முடியாது. வயலு நம்ம வயலு, பேரு அவளுவ பேரு.

தண்ணி பாட்டிலு காலியாயிட்டா? வாய்க்காத் தண்ணிய மட்டும் குடிச்சிராதிய, வெளியூர் ஒடம்புக்கு ஒத்துக்கிடாது. இன்னும் ஒரே ஒரு வயலுதான். வாங்க.

இந்தா, இதுதான் நம்ம வயலு. இது பேரு 'அன்னலட்சுமி வய'. அன்னலட்சுமி. தெளிவாப் பதிஞ்சுக்கிடுங்க.

என்ன டீச்சர், சிரிக்கிய? பஸ்ஸுல கேட்டுட்டியளாக்கும். கண்டக்டர் கத்துனானா? கத்துவான், கத்துவான். 'பட்டினி வயல்லாம் எறங்கு'ன்னு தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவான். மினி பஸ்ஸு விட்டதுலருந்து எனக்குப் புடிச்ச சனியன் அது. அதுக்கு முன்னால இந்தப் பேரு களத்து மேட்டோட கெடந்துது. இப்ப திருநெவேலி ஜங்சன் வரைக்கும் போயிட்டு.

ஒங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன. எம் மூத்த மவ செண்பாவத் தென்காசியில குடுத்திருக்கு. நல்ல எடம். ஒருவாட்டி மாமியாரோட பஸ்ஸுல வந்திருக்கா. கண்டக்டர் கத்திருக்கான். 'ஒங்கப்பா வீட்டு ஸ்டாப்பு இதுதானாக்கும்?'னு மாமியாக்காரி கேட்டாளாம். வேற ஒண்ணும் சொல்லல, அவ்வளவுதான் கேட்டா. அதுலருந்து எம்மவ முந்தின ஸ்டாப்புல எறங்கிருதா. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்து வாரா. நான் கொடைய எடுத்துக்கிட்டு எதுக்கப் போவேன். வழி பூரா மழையப் பத்திப் பேசுவோம், பிள்ளைக்குப் பல்லு மொளச்சதப் பத்திப் பேசுவோம், ஏன் இங்க எறங்குதன்னு நானும் கேக்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. அசிங்கமா இருக்கு டீச்சர். பெத்த பிள்ள நம்ம பேரச் சொல்லி எறங்கக் கூசுதுன்னா, பெத்தவன் மொகத்த எங்க கொண்டு வைக்க?

இப்ப பஞ்சாயத்துல ஸ்டாப்புக்குப் போர்டு வைக்கப் போறாவ. தலைவரப் போயிப் பாத்தேன். 'காலேஜு டீச்சரு வயப்பேரு எடுக்க வாராவளாமே, அவிய என்ன எழுதுதாவளோ அதையே பெயிண்டு அடிச்சிருவோம்'னுட்டாரு. அதான் நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. ஒங்க கையிலதான் இருக்கு.

நானும் என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன். தகரத்துல 'அன்னலட்சுமி வயல்'னு எழுதி ஆணியடிச்சு வச்சேன். மறு வாரம் எவனோ அதப் புடுங்கி மடையடைக்கப் போட்டுட்டான். நடுவைக்கு வடை பாயாசத்தோட சாப்பாடு போடுதேன், எங்க ஊர்ல எவனும் போட மாட்டான். காலையில பத்து மணிக்கே வரப்புல நின்னு 'கரையேறுங்க, கை கழுவுங்க'ன்னு கூப்பாடு போடுவேன். 'இன்னும் ஒரு முடி நாத்து நடல, அதுக்குள்ள சோறா அண்ணாச்சி?'ன்னு சிரிப்பாளுவ. நல்லாத் திம்பாளுவ. தின்னுட்டு என்ன பேசுதாளுவ தெரியுமா? 'நாளைக்கும் பட்டினி வயலுக்குத்தான் போகணும்ட்டி, பாயாசம் நல்லாருக்கு'ங்காளுவ! இவளுவள என்ன செய்ய?

என்ன, அந்தப் பூவரச மரத்தையே பாக்கிய? எங்கய்யா வச்ச மரம் அது. கத நடந்த அன்னைக்கு அது கெடையாது, மொட்ட வரப்பு. நல்ல வேளை பாத்திய, அதையும் சொல்லணும்.

அப்ப இதுக்குப் பேரு பிள்ளையார் வய. எத்தன தலமொறையா இருந்த பேரோ. எங்கய்யா உலகநாத பிள்ளை காலத்துல, ஒரு கார் பருவ நடுவை. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன், எங்கம்மா சொல்லித்தான் தெரியும். கொழும்புல கட வச்சிருந்த எங்கய்யாவோட அத்த மவன் அன்னைக்கு வந்திருந்தாரு. கோட்டென்ன, கடியாரமென்ன. 'அத்தான், வயலுவளப் பாக்கணும்'னாரு. எங்கய்யா இதே வரப்புல கூட்டிட்டு வந்தாவ. 'இது என்ன வயலு? அதுக்கு ஏன் அந்தப் பேரு?'ன்னு அவரு கேக்க, எங்கய்யா சொல்ல, மருமவன் அளந்தது, தூங்குமடைன்னு ஒவ்வொண்ணாப் போயிருக்கு. எங்கய்யாகிட்ட ஒரே ஒரு கொறதான் டீச்சர். பேச ஆரம்பிச்சாவன்னா நிறுத்தத் தெரியாது. எங்கிட்ட அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது.

நடுவையில ஒரு மொறை இருக்கு. வீட்டுலருந்து சோறு வரப்புக்கு வந்துரும். ஆனா வயலுக்காரன் வரப்புல நின்னு 'கரையேறுங்க, கை கழுவுங்க'ன்னு வாயத் தொறந்து சொல்லணும். அவன் சொல்லாம ஒருத்தி சேத்துலருந்து காலத் தூக்கி வரப்புல வைக்க மாட்டா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்தாலும் கேக்க மாட்டா. கூப்பிட்டுப் போட்டாத்தான் சோறு, கேட்டு வாங்குனா பிச்சைன்னு அவளுவளுக்கு ஒரு ரோசம்.

அன்னைக்கு உச்சி வெயிலுக்கெல்லாம் சோறு வந்துட்டு. சோறு, சாம்பாரு, கூட்டு, அப்பளம் கூட உண்டுன்னு எங்கம்மா சத்தியம் பண்ணுவா. இலையப் போட்டு மூடி வரப்புல வச்சிருக்கு. எங்கய்யா அந்தக் கடைசி வரப்புல கொழும்புக்காரரோட பேசிக்கிட்டு நிக்காவ. இவளுவ குனிஞ்சு நட்டுக்கிட்டே ஒரு கண்ணால சோத்தப் பாப்பாளுவ, ஒரு கண்ணால எங்கய்யாவப் பாப்பாளுவ. எங்கய்யா திரும்பல. வெயிலு சாஞ்சு, சாம்பாரு ஊசி நொரை தட்டிட்டு. அப்பத்தான் அவளுவள்ல மாடத்தின்னு ஒருத்தி விழுந்தா. எட்டு மாசப் பிள்ளத்தாச்சி. நட்டுக்கிட்டே சேத்துல சாஞ்சுட்டா. அவளத் தூக்கி வாயில தண்ணிய ஊத்திக் கூட்டிட்டுப் போனாளுவ. போகையில என்ன செஞ்சாளுவ தெரியுமா? நட்டு முடிக்கப் போற நேரம். கடைசி ஒரு முடி நாத்த நடாம, வயலுக்கு நடுவுல அப்படியே போட்டுட்டுப் போயிட்டாளுவ. ஒரு பாய் அகலத்துக்குச் சொட்டை. சுத்தி நெல்லு வளர வளர அந்தச் சொட்டை ரோட்டுல போறவன் கண்ணுக்கெல்லாம் தெரிஞ்சுது. இருட்டுக்குள்ள எங்கய்யா தனியா எறங்கி அதுல நட்டுப் பாத்தாவளாம். சேத்துல கால் வச்சுப் பழக்கமில்லாத மனுசன், காலையில எல்லாம் மெதந்து கெடந்துது. அந்த அறுப்புக்குள்ள பிள்ளையார் போயி பட்டினி வந்துட்டு.

அந்தா பக்கத்து வயல்ல களையெடுக்காளே, செவப்புச் சீல, அவதான் மாடத்தி மவ பிரமாச்சி. வயித்துல இருக்கையிலயே இந்த வயல்ல பட்டினி கெடந்தவன்னு அவளையும் சேத்துச் சொல்லுவாவ. நல்லவதான், பாவம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இப்ப நீங்களே நாயத்தச் சொல்லுங்க டீச்சர். சோறு வந்துதா, வரலையா? வந்துது. வரப்புல இருந்துதா, இல்லையா? இருந்துது. பொறவு அதுக்குப் பேரு பட்டினியா? இல்லாதவன் போடலன்னா பட்டினி. எல்லாத்தையும் ஆக்கிக் கொண்டாந்து வச்சாச்சு. ஒத்த வார்த்த சொல்ல மறந்துட்டாவ, அவ்வளவுதான! இவளுவளுக்கு வாய் இல்லையா? 'ஐயா, பசிக்குது'ன்னு ஒரு வார்த்த கேட்டா வாயில இருக்க முத்தா உதுந்துரும்? கேக்காம நின்னது அவளுவ, பேரு எங்களுக்கு. நான் இத யார்கிட்டச் சொன்னாலும் தலைய ஆட்டிட்டுப் போறான்.

எங்கய்யா நல்ல மனுசன் டீச்சர். அந்த வருசமே அந்தப் பூவரச நட்டாவ, சோத்துக்கு நெழலு வேணும்னு. பாவம், அந்தச் சமயத்துலதான் அவியளுக்கு வயித்துக் கோளாறும் வந்துது. மத்தியானம் சோறு எறங்காது. காலையில சாப்பிடுவாவ, ராத்திரி ரெண்டு வாய் சாப்பிடுவாவ, மத்தியானம் எலையப் போட்டா எந்திரிச்சுப் போயிருவாவ. திருநெவேலி வைத்தியர் ஒருத்தர் சூரணமாக் குடுத்துக் குடுத்துப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. சாவுத வரைக்கும் அப்படித்தான். போலி வைத்தியன்னு இன்னைக்கு வரைக்கும் அந்த ஆள நான் திட்டிக்கிட்டு இருக்கேன். ஒழுங்கா மருந்து குடுத்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாவ.

அதனால அன்னலட்சுமின்னு போட்டிருங்க டீச்சர். யாருக்கு என்ன நட்டம்? ஏன் டீச்சர், மொகம் வாடிட்டு? எங்கய்யா கதயக் கேட்டா யாருக்குமே வாடத்தான் செய்யும். கால் வலிக்குன்னா வரப்புல உக்காருங்க. அந்தா அந்தக் குட்டம், சின்னக் குளம் மாதிரித் தெரியுதுல்லா, அதுக்கும் ஒரு கத இருக்கு...

என்ன பிரமாச்சி? சத்தமாச் சொல்லு, காத்துல கேக்கல.

என்ன?

கேட்டியளா டீச்சர் அவ கேக்கத? 'அண்ணாச்சி, அந்தம்மா காலையிலருந்து வரப்புலயே நிக்காவளே, இன்னுமா கரையேறச் சொல்லல?'ன்னு கேக்கா.

மணி என்ன டீச்சர்?

மூணா.

பொறுங்க. பொறுங்க, ஓடிப் போயித் தூக்குவாளிய எடுத்துட்டு வாரேன். நீங்க அசையாதிய, இன்னா வந்துட்டேன்... மூடி இறுகிக் கெடக்கு. கோமு இறுக்கித்தான் மூடுவா. தள்ளிக்கிடுங்க டீச்சர், பக்கத்துல வராதிய, மோந்து பாக்காதிய. தேங்காப்பாலுல்லா. நெழலு அந்தப் பக்கம் திரும்பிப் போயிட்டு, நான் பாக்கல. கொப்புல வெயிலு நேரா அடிச்சிருக்கு. நொரச்சுக் கெடக்கு. சோத்துலயும் எறங்கிட்டு.

நீங்களாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர்? வெறும் வயித்தோட வந்திருக்கிய. பசிக்குதுன்னு ஒத்த வார்த்த...

இல்ல. எப்படிக் கேப்பிய. நான் ஒங்க எடத்துல இருந்திருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன்.

ஏ பிரமாச்சி, நீ எதுக்கு வரப்பேறி வார? வேண்டாம். ஒன் கஞ்சிய நீ வச்சுக்க. சாயந்தரத்துக்குன்னு வச்சிருப்ப... கேக்க மாட்டா. இந்தாங்க டீச்சர், வாங்கிக்கிடுங்க. கஞ்சியும் காணத் தொவையலும். நல்லாத்தான் இருக்கும்.

அவ என்ன சொல்லுதான்னு கேட்டியளா? 'கை கழுவுங்கம்மா'ங்கா ஒங்களப் பாத்து. பொறவு என்னப் பாத்து, 'அண்ணாச்சி, நீங்களும் கை கழுவுங்க'ங்கா. எங்க வரப்புல நின்னு, மாடத்தி மவ, என்னக் கை கழுவச் சொல்லுதா. அவ மொகத்துல ஒரு சிரிப்பு இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லாருந்திருக்கும். அது கூட இல்ல. பசிச்சவங்களுக்குப் போடுத மாதிரி போடுதா.

நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம் போல இருக்கு டீச்சர்.

நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒரு வாய் போதும். ஒரு வாயே எறங்க மாட்டேங்குது.

எங்கய்யாவுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல டீச்சர். ஒரு கோளாறும் கெடையாது. நான் கிறுக்கன், இத்தன வருசமா வைத்தியரையில்லா திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

அந்தப் போன்ல பதிஞ்சத அழிக்க முடியும்லா? அன்னலட்சுமிய அழிச்சிருங்க. மருமவன் அளந்த வயலச் சொல்லிச் சிரிச்சனே, அந்தச் சிரிப்பையும் அழிச்சிருங்க. தூங்குமடைக்காரன் வீடு தேடி வந்து கெஞ்சுனான், அவன் கிட்ட நான் கேட்டுட்டு வந்து சொல்லுத வரைக்கும் அத எழுதாதிய. நம்ம வயலுக்கு மட்டும் பட்டினி வயன்னே போட்டுக்கிடுங்க. போர்டுலயும் அதையே எழுதட்டும். செண்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஏன் அந்தப் பேருன்னு யாராவது கேட்டா மட்டும் எங்கய்யாவச் சொல்லாதிய. அவிய அதுக்கு மத்தியானச் சோத்த விட்டுட்டுப் போயிட்டாவ, அந்தக் கடன் தீந்துட்டு. என்னச் சொல்லுங்க. சிவனணைஞ்ச பெருமாள்னு முழுப் பேரும் போட்டுச் சொல்லுங்க. எப்படியும் நாளைக்குப் பொம்பளையாளுவ அப்படித்தான் சொல்லப் போறாளுவ.

அந்தா, பஸ்ஸு வருது. கேக்குதா? ஆரம்பிச்சுட்டான், 'பட்டினி வயல், பட்டினி வயல்'னு. வேண்டாம் டீச்சர், எந்திரிக்காதிய. பாதிக் கஞ்சியில எந்திரிக்கக் கூடாது. அவன் கத்திட்டுப் போகட்டும், அடுத்த பஸ்ஸுல போயிக்கிடலாம். பிரமாச்சி, டீச்சருக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்து.

நீங்க சாப்பிடுங்க. நான் பேசல.